பிஷப்பாக இருந்த பிரிட்ஜ் மெக்கானிக்

பிரிட்ஜ் மெக்கானிக் ஐந்து வருடம் பிஷப்பாக இருந்தார். கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பிஷப் என்றால் உயரத் தொப்பி, கையில் கோல், மோதிரத்தை முத்தமிட ஒரு வரிசை என்று பார்த்துப் பழகிய சனம். இவரோ கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து மாடிப்படி ஏறுகிறவர். கத்தோலிக்கத்தை விட்டு இவர் போய்ச் சேர்ந்த மார்மன் சபையில் அப்படித்தான். சாமியார் படிப்பு கிடையாது, சம்பளமும் கிடையாது. மேலே உள்ளவர்கள் ஒருநாள் கூப்பிட்டு, "நீங்கதான்" என்பார்கள். சபையார் கை தூக்கி ஒப்புக்கொண்டால் தீர்ந்தது.

"அத்தான், பிரிட்ஜுக்கு கேஸ் அடிச்சுட்டு அப்படியே பாவமன்னிப்பும் குடுத்துட்டுப் போவீங்களா?" என்று மைத்துனர் பார்க்கும்போதெல்லாம் கேட்டார்.

மனைவி சிரிக்கவும் இல்லை, அந்தச் சபையில் சேரவும் இல்லை. இருவருக்கும் கல்யாணம் நடந்த பழைய கத்தோலிக்கக் கோயிலுக்கே தனியாகப் போய்வந்தாள். இவருக்கு நிற்க நேரமில்லை. ஞாயிறு காலை முழுக்க மேடை. மாலையில் யார் வீட்டிலாவது புருஷன் பெண்டாட்டி சண்டை. சோற்றில் கை வைத்தால் போன். "இந்தப் பொறுப்பு முடியட்டும். அப்புறம் ஞாயித்துக்கிழமை உன்கூடத்தான்" என்று சொல்லிச் சொல்லியே ஐந்து வருடத்தை ஓட்டிவிட்டார் மனுஷன்.

பொறுப்பும் முடிந்தது. பழைய கோயிலில் ஓய்வு பெற்றாலும் பிஷப் சாகும்வரை பிஷப்தான். இங்கே நன்றி சொல்லி எல்லோரும் ஒருமுறை கை தூக்கினார்கள், ஒரு தையல்காரர் புது பிஷப் ஆனார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு பழக்க தோஷத்தில் கால் தானாக மேடைப்படி ஏறியது. தையல்காரர் சங்கடத்தோடு நகர்ந்து இடம் கொடுத்தார். இவருக்குக் காது சுட்டது. இறங்கி வந்து கடைசி பெஞ்சில் ஒடுங்கிக்கொண்டார்.

அங்கேதான் அவருக்கு உறைத்தது. திருவிருந்துத் தட்டு முதலில் பிஷப்பிடம் போகும். பிறகு பெஞ்சு பெஞ்சாகக் கை மாறும். சாதாரண ரொட்டித் துண்டு. திராட்சை ரசத்துக்குப் பதில் குட்டிக் குவளையில் தண்ணீர். புருஷன் எடுத்துக்கொண்டு பெண்டாட்டிக்குப் பிடிப்பான், அவள் மாமியாருக்குப் பிடிப்பாள். இவரும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தட்டைப் பக்கத்தில் நீட்டினார். பக்கத்தில் வெறும் பெஞ்சு. கொண்டுவந்தவரே காத்து நின்று வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரம் பிரிட்ஜ் கெட்டுப்போனவர்களைத் தவிர யாரும் போன் செய்யவில்லை.

மறு ஞாயிறு சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மனைவியோடு கிளம்பினார். அவள் ஏற இறங்கப் பார்த்தாள். கோயிலில் அவளை ஒட்டி உட்கார்ந்தார். நற்கருணை நேரம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஃபாதர் கையால் அப்பம் வாங்க வரிசை எழுந்தது. கத்தோலிக்கத்தை விட்டுப் போனவருக்கு அங்கே நற்கருணை இல்லை. முழங்காலை மடக்கி ஒவ்வொருவருக்கும் வழிவிட்டார், அவளுக்கும். பெஞ்சு காலியானது. திரும்பி வந்தவள் மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கைக்கெட்டும் தூரம்தான், தொடத் துணிவில்லை.

வாசலுக்கு வந்ததும் மனம் தாங்காமல் சொல்லிவிட்டார். "அங்கேயும் பக்கத்துல ஆளில்ல, இங்கேயும் இல்ல."

"எனக்குப் பழகிடுச்சுங்க" என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. "முதல் வருஷம் பக்கத்துல பையை வச்சு உங்களுக்கு இடம் பிடிச்சு வப்பேன். ஒருநாள் ஒரு அம்மா, இங்க ஆள் வராங்களான்னு கேட்டாங்க. இல்லன்னுட்டேன். அப்புறம் பை மடியிலதான்."

ஐந்து வருடம் ஊரார் வீட்டுப் பெண்கள் இப்படி எத்தனையோ சொல்லி அழுதிருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் அவரிடம் ஆறுதல் இருந்தது. இவளிடம் கை நீட்டிப் பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.