சித்தியின் ஒற்றைச் செருப்பு

சாரல் தொடங்கியிருந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பஜ்ஜிக் கடை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான், சித்தியின் இடது காலில் செருப்பு இல்லாததைக் கவனித்தேன். அருவிக்கரையில் அவர் அதை மாட்டிக்கொண்டதைப் பார்த்திருந்தேன். வழியில் எங்கோ கழன்றிருக்கிறது. சரளைக்கல் பாதையில் வெறுங்காலோடு நடந்து வந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

"என்னட்டி அப்படிப் பாக்கே? அருவித் தண்ணியில கால் மரத்துக் கெடக்கு. கொஞ்ச நேரத்துல சரியாப் போவும்" என்றார்.

"செருப்பு தானா வீட்டுக்கு வந்துரும்லா" என்றார் சித்தப்பா.

அந்தக் குளிரில் எல்லோருக்கும்தான் கால் மரக்கிறது. ஆனால் டீ குடித்து முடிப்பதற்குள் எனக்கு உணர்வு திரும்பியிருந்தது. "உங்களுக்கு?" என்று கேட்டேன். சித்தி பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: கோடையிலிருந்தே பஞ்சின் மேல் நடப்பது போலத்தான் இருக்கிறதாம்.

"டாக்டர்ட்ட போனா மிசினை நிப்பாட்டச் சொல்லுவாரு. நான் வரல."

தென்காசியில் அவருடைய தையல் கடையை நம்பித்தான் அந்தக் குடும்பம் இருந்தது. அவருடைய பயத்தை என்னால் எளிதாக ஒதுக்க முடியவில்லை. ஆயினும் மோட்டார் பெடலை அவர் வெறுங்காலால்தான் மிதிப்பார். கடைத் தரையெங்கும் குண்டூசிகள். தைத்தாலும் தெரியாத காலுக்கு அது எத்தகைய இடம் என்று எண்ணியபோது தயக்கம் விலகியது. சித்தி மறுத்தும் விடாமல், சித்தப்பாவோடு சேர்ந்து அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

மருத்துவர் ஒரு பெண். "கண்ணை மூடிக்கோங்கம்மா, தொட்டதும் சொல்லுங்க" என்று கூறி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுக்கொண்டே போனார்.

சித்தி காத்திருந்தார். கடைசியில், "சரி, ஆரம்பிங்கம்மா" என்றார்.

மருத்துவர் அதற்குள் தொட்டு முடித்து இழையை எடுத்து வைத்துவிட்டிருந்தார். சித்தப்பா குனிந்து, சித்தி கழற்றி வைத்த செருப்புகளை எடுத்து அவர் காலருகே வைத்தார்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை மிகுந்திருந்தது. எப்போதிலிருந்து என்பது தெரியவில்லை. போன உணர்வு முழுவதும் திரும்பும் என்று மருத்துவர் உறுதி தரவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் மோசமாகாமல் தடுக்கலாம் என்றார். குளிராலோ மடக்கி உட்கார்ந்ததாலோ மரத்த கால் சற்று நேரத்தில் தெளிந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. தெளியாமல் நின்றாலும், பரவினாலும், அடிக்கடி வந்தாலும் காட்டிவிட வேண்டும். முகமோ கைகாலோ திடீரென ஒரு பக்கமாக மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்றும் சொன்னார்.

"மிசினு?" என்றார் சித்தி.

"மிசினை நிறுத்த வேண்டாம். வெறுங்காலை நிறுத்துங்க. தினமும் உள்ளங்காலைப் பாருங்க."

இப்போது பின்வார் வைத்த, விரல் மூடிய செருப்போடுதான் சித்தி தைக்கிறார். போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். சித்தப்பா ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெங்கும் இழுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு வெளைச்சல் கம்மிதான்" என்று ஒட்டியிருந்த ஊசிகளைக் காட்டினார்.

"பேச்சைக் கொறச்சிட்டு இங்கன வாங்க" என்று செருப்பைக் கழற்றிய சித்தி, என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே உள்ளங்காலைத் திருப்பினார். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.