எங்கள் லைவ் ஆல்பத்தில் கேட்கும் அந்த "அடிப்பாவி"

வசந்தி அக்கா போய்விட்டாள்.

நேற்று காலை, காளிகாட் வீட்டில், பேங்குக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது. மாரடைப்பு. டாக்டர் மாடி ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இங்கே என் நண்பர்களில் பாதிப் பேருக்கு அவள் பாசந்தி-தி, அதாவது வசந்தி அக்கா. வங்காளி வாயில் 'வ' நுழையாது, என்ன செய்ய. எங்கள் பேண்டின் கீபோர்ட் அவள், பேஸ் கிட்டார் நான். வாரம் முழுக்க பேங்கில் கேஷ் கவுண்டர், ஞாயிற்றுக்கிழமை பெஹாலாவில் எங்கள் ட்ரம்மர் டுப்லு வீட்டு கராஜ்... அதுதான் அவள் வாழ்க்கை.

ப்ரோக்ரெசிவ் ராக் என்றால் என்ன என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "பாட்டு முடிஞ்சுடுத்துன்னு நெனச்சு நீங்க கை தட்டுவேள். நாங்க அப்பத்தான் ஆரம்பிப்போம்."

பொய் இல்லை. ஒரு பூஜைப் பந்தலில் நாங்கள் வாசிக்கத் தொடங்கி வெகுநேரம் ஆனபின் கமிட்டி செக்ரட்டரி மேடை ஓரமாக வந்து, டெஸ்டிங் எப்போது முடியும், பாட்டு எப்போது வரும் என்று பவ்யமாகக் கேட்டார். அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே, "வந்துண்டே இருக்கு தாதா" என்றாள். அவருக்குத் தமிழ் தெரியாது. தலையாட்டிவிட்டுப் போனார்.

டுப்லுவுக்கு ஏழு பீட் வந்தாலே கால் இடறும். இங்கிலீஷில் எண்ணி எண்ணிச் சலித்து, ஒரு நாள் அக்கா அவன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். தகிட தகதிமி, தகிட தகதிமி... தொடையில் தட்டித் தட்டி. அன்றோடு பிரச்சினை தீர்ந்தது. இன்றுவரை அந்த போஸ் வீட்டுப் பையன் டுப்லு மேடையில் வாய்க்குள் முணுமுணுப்பது அதைத்தான்.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன்.

அக்காவுக்கு ஆபீசர் ப்ரமோஷன் வந்தது. கூடவே குவாஹாட்டிக்கு ட்ரான்ஸ்ஃபர். பேங்க் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்... ஒன்று வந்தால் மற்றதும் வரும், ஒன்றை வேண்டாம் என்றால் இரண்டும் போகும்.

அக்காவின் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் அப்பா சீக்கிரமே போய்விட்டார். ட்யூஷன் எடுத்து மகளைப் படிக்கவைத்த மாமிக்கு இருந்த ஒரே ஆசை அது. கீழ் வீட்டு மாஷிமாவிலிருந்து பால்காரர் வரை எல்லோருக்கும் சொல்லி, சந்தேஷ் இனிப்பும் கொடுத்தாயிற்று.

அக்கா இல்லாமல் பேண்ட் ஏது? அவள் போவதற்குள் ஒரு லைவ் ஆல்பமாவது எடுத்து வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். பெஹாலாவில் ஒரு ஹால், ஞாயிறு மதியம். ஆல்பத்துக்குப் பெயர் 'பிதாய்'. வங்காளியில் விடைபெறுதல். அட்டைகூட முன்கூட்டியே அச்சடித்துவிட்டோம், அவசரக் குடுக்கைகள்.

மாமி முன்வரிசையில், காதில் பஞ்சோடு. கூட்டத்தின் சத்தத்தைப் பிடிக்க ரெக்கார்டிஸ்ட் ரானா தொங்கவிட்ட மைக் சரியாக அவர் தலைக்கு மேலே.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் அக்கா பேசினாள். முதலில் வங்காளியில், பிறகு அம்மாவைப் பார்த்துத் தமிழில். "ப்ரமோஷன் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேம்மா. நான் எங்கயும் போகலை."

எங்களுக்கே அப்போதுதான் தெரியும். டுப்லு குச்சியைக் கீழே போட்டுவிட்டான்.

மாமி பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். "அடிப்பாவி!"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தகிட தகதிமி என்று எண்ணி ஆரம்பித்துவிட்டாள். அவள் வாசித்ததிலேயே பெஸ்ட் அதுதான். சந்தேகம் இருந்தால் போட்டுக் கேளுங்கள்.

மிக்ஸிங்கில் ரானா அந்தக் குரலை வெட்டப் பார்த்தான். "எங்கம்மாவ வெட்டினா என்னையும் சேர்த்து வெட்டு" என்று அக்கா சொல்லிவிட்டாள். அட்டையும் மாறவில்லை. போகாதவளுக்கு விடைபெறுதல் என்று ஓர் ஆல்பம் போட்ட பேண்ட் உலகத்திலேயே நாங்கள்தான்.

மாமி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

அடுத்த ஷோவில் கடைசிப் பாட்டுக்கு முன்னால், ஹாலில் இருந்த அத்தனை வங்காளிப் பையன்களும் எழுந்து நின்று கத்தினார்கள். "ஒடிப்பாபி!" பின்வரிசையில் கோபமாக உட்கார்ந்திருந்த மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அதற்கப்புறம் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. மாமி முன்வரிசையில் எழுந்து முதலில் கத்த வேண்டும். பிறகு ஹால். பிறகு தகிட தகதிமி. மாமி வராத ஷோவில் அந்தப் பாட்டே கிடையாது.

நேற்று மதியம் வண்டி கிளம்பும்போது தெரு முழுக்கப் பையன்கள். சிலருக்குத் தலை நரைத்திருக்கிறது. பேண்ட் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. யாரோ ஒரு மாமா அதைச் சொல்லத்தான் செய்தார். மாமி அவர் பக்கம் திரும்பாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டி வரை நடந்து வந்தார்.

அக்காவின் முகத்தைப் பார்த்தார். பையன்களைப் பார்த்தார்.

"என்னடா ரகு, எல்லாரும் வாயடைச்சுப் போய் நிக்கறா?"

"நீங்க ஆரம்பிக்கணும் மாமி..." என்றேன். வேறென்ன சொல்ல.

ஆரம்பித்தார். "அடி..." அதற்கு மேல் வரவில்லை.

மீதியைத் தெருவே சேர்ந்து கத்தியது.

டுப்லு வண்டியின் கதவில் ஏழு தட்டினான்.

போ அக்கா. இந்தத் தடவை நிஜமாகவே கிளம்பிவிட்டாய்.