நடுவில் எழுந்து போகலாம்

முதுகலையில் சமூகப்பணி படித்தபோது, ஆய்வுக்கு அனுப்பும் முன் எங்களுக்கு நெறிமுறைப் பயிற்சி என்று ஒன்று வைத்தார்கள். மனிதர்களிடம் கேள்வி கேட்பதற்கும் முறை உண்டாம். எதற்காகக் கேட்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தெரியாமல் வேவு பார்க்கக் கூடாது. சம்மதமா என்று கேட்க வேண்டும். பிடிக்காவிட்டால் அவர்கள் நடுவில் எழுந்து போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பேராசிரியை சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும், "யார் வூட்டுப் பொண்ணு, இன்னும் கல்யாணம் ஆவலையா" என்று அடுத்த ஸ்டாப்பிங்குக்குள் விசாரணையே முடிந்துவிடும்.

வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பழகிக்கொண்டு வாருங்கள் என்றார் பேராசிரியை. எங்கள் ஊரான கே.ஜி.கண்டிகையில் எனக்கு அகப்பட்டது அம்மாதான். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, கல்யாணத்தில் பெண்களின் சம்மதம் பற்றிய ஆய்வு என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"உனுக்கு விருப்பமாம்மா?"

"அடியே, பெத்தவகிட்ட பேச பர்மிஷனா? ஆங், கேளு கேளு."

வயது, படிப்பு என்று கேட்டதற்கெல்லாம், கேட்காததையும் சேர்த்தே சொன்னாள்.

"உன் கல்யாணத்துக்கு முன்னாடி உன்கிட்ட சம்மதம் கேட்டாங்களா?"

கை நின்றது. "நடுவுல எழுந்து போலாம்னியே, நெஜமாவா?"

"நெஜமாதான்."

"அப்போ நான் போறேன்." முறத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என் முதல் ஆய்வு அத்தோடு படுத்துக்கொண்டது.

படிப்பு முடியும்வரை கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று நைனாவிடம் தொண்டை வற்றச் சொல்லியிருந்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவரும் நன்றாகத் தலையாட்டியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, "மலைக்குப் போய்ட்டு வரலாம், பட்டுப்புடவை கட்டிக்கோ" என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பெண் பார்ப்பதைத் திருத்தணி மலையில் வைத்துக்கொள்வது எங்கள் ஊர்த் தந்திரம். பிடித்தால் முருகன் சேர்த்து வைத்தான், பிடிக்காவிட்டால் சும்மா சாமி கும்பிட வந்தோம். எல்லோருக்கும் விஷயம் தெரியும், பெண்ணைத் தவிர.

தரிசனம் முடித்து மண்டபத்தில் உட்கார்ந்தோம். அரக்கோணத்திலிருந்து ஒரு குடும்பம் எதேச்சையாக எதிரே வந்தது. "அட, நீங்களா!" என்று நைனா வியந்தாரே ஒரு வியப்பு, தெருக்கூத்தில்கூட அப்படி நடிக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுப் பையனின் அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தத் தண்ணி பாட்டில எடுத்துகினு வாம்மா" என்றார். நடந்து போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் தண்ணீர் குடிக்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டு அப்போதுதான் உடைந்தது. சோதனை எலிக்காவது கூண்டு கண்ணுக்குத் தெரியும்! வாயைத் திறந்தால் நைனாவின் மானம் போகும், திறக்காவிட்டால் என் படிப்பு போகும். அத்தையோ, "தையில வச்சிக்கலாம்" என்று மாதமே குறித்துவிட்டார்.

அம்மா கையிலிருந்த பிரசாதப் புளியோதரையைக் கீழே வைத்தாள்.

"இருங்க. இவளுக்குச் சொல்லாமயே கூப்டுகினு வந்துட்டோம்." என் பக்கம் திரும்பினாள். "இவுங்க உன்ன பொண்ணு பாக்க வந்துகிறாங்க. உனுக்கு விருப்பமா? இல்லன்னா நடுவுல எழுந்து போலாம். காரணம் சொல்லத் தேவையில்ல."

நைனா தேள் கொட்டிய திருடனாட்டம் உட்கார்ந்திருந்தார். பையன் மட்டும், "எனுக்கும் அது உண்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டான். அத்தை அவன் தொடையில் கிள்ளினார்.

நான் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்தேன். அம்மாவும் எழுந்தாள்.

படி இறங்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நைனா பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"அன்னிக்கு கேட்டியே" என்றாள் அம்மா. குரலைத் தாழ்த்தவில்லை. "என்கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா ஆங்னுதான் சொல்லியிருப்பேன். உங்க நைனாவ எனுக்குப் புடிச்சிதான் இருந்துச்சி. ஆனா கேக்கல."

பின்னால் காலடிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை.

அடிவாரத்துக்கு வந்தால் நைனா பேசாமல் போய் பஸ்ஸில் ஏறி இடம் பிடிப்பார், நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். அதுதான் வழக்கம். அன்று அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"பஸ்ஸுல போலாமா, ஆட்டோலயா? உனுக்கு எது விருப்பம்?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, துளிக்கூட அவசரப்படாமல், நிதானமாக யோசிக்க ஆரம்பித்தாள்.