குளியலறை ஜன்னலை மூடியவன்

திருவண்ணாமலையில் கேஸ் கீசர் புதிதாகப் பரவிய சமயம். குளிக்கப் போன என் மனைவி மயங்கி விழுந்தாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் அன்று நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. கீசரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்றார் மருத்துவர். வாசனையே இல்லாத வாயு ஆளைச் சாய்க்குமா என்று வியந்தேன்.

கீசர் மாட்டிய கடைக்காரர்மேல் வழக்குப் போட முடியுமா என்று கேட்க, வேங்கிக்காலில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தேன்.

“போடலாங்க. புகை வெளிய போறதுக்குக் குழாய் வெச்சாங்களா?”

“இல்லைங்க.”

“பாத்ரூம்ல ஜன்னல் இருக்கா?”

யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னேன். “குரங்கு வருதுன்னு அன்னிக்குக் காலையிலதான் பலகை அடிச்சு மூடினேன். அவ விழுந்தப்புறம் பயந்துபோய்ப் பலகையைப் பிடுங்கிட்டேன். இனி வழக்கு நிக்காதுங்களா?”

“நிக்கும். குழாய் வைக்காதது அவங்க தப்பு. உங்க தப்புக்காக நஷ்டஈடு கம்மியாகலாம். மறைச்சா மொத்தமும் போயிடும். முதல்ல வீட்டுல சொல்லுங்க.”

அன்று மாலையே மனைவியிடம் சொன்னேன்.

“வக்கீல் கேட்கலைன்னா சொல்லியிருப்பீங்களா?” என்றாள்.

பிடுங்கிய பலகையை எடுத்து வந்து அவள் முன் வைத்தேன்.

“மனுவுல அதையும் எழுதச் சொல்லுங்க,” என்றாள்.

எழுதினோம். நுகர்வோர் நீதிமன்றத்தில் ஜெயித்தோம். என் தப்புக்கு எவ்வளவு குறைப்பது என்று தீர்ப்பிலேயே இருந்தது. அவள் மனதில் என் மதிப்பு எவ்வளவு குறைந்தது என்று நான் இன்னும் கேட்கவில்லை.