ஒட்டகக் கொட்டகையில் சிவப்பு பல்பு

போன வாரம் மகள் கைபேசியில் சில படங்களை அனுப்பியிருந்தாள். அவள் வேலை பார்க்கிற ஊரில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மிருகக்காட்சிசாலை முழுவதும் விளக்கு போடுகிறார்களாம். மரத்துக்கு மரம் நீல வெளிச்சம், வெளிச்சத்திலேயே செய்த மான், வெளிச்சத்திலேயே செய்த யானை. அடுத்த வருஷம் நீயும் வந்து பாரும்மா என்று எழுதியிருந்தாள். நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டுவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். படத்துக்கு வாசனை கிடையாது என்பார்கள். எனக்கென்னவோ சூடேறின பல்பில் பெயிண்ட் கருகுகிற வாசனையும் ஈர வைக்கோல் வாசனையும் சேர்ந்து வந்தன. அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படிப் பக்கமே போகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டைக்கும் அப்படி ஒன்று வந்தது. மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்து, உள்ளே நாலைந்து கூண்டுகள், ஒரு ராட்டினம், டெல்லி அப்பளக் கடை. கிறிஸ்துமஸ் சமயம் என்பதால் மூங்கில் நட்டு, வாசலிலிருந்து கடைசிக் கூண்டு வரைக்கும் கலர் பல்பு கட்டியிருந்தார்கள். இப்போது வருகிற பொடி விளக்குகள் இல்லை. சாதா குண்டு பல்பைப் பெயிண்டில் முக்கி எடுத்தது. பக்கத்தில் போனால் கன்னம் சுடும். டிசம்பர் மழையில் மைதானம் சேறாகிக் கிடந்ததால் வைக்கோலை உதறிப் போட்டிருந்தார்கள். கரடி, குரங்குகள், ஒரு மலைப்பாம்பு, ஓர் ஒட்டகம். ஒட்டகத்துக்கு மேலே 'சாஸ்திரிகள் ஏறி வந்த ஒட்டகம்' என்று பலகை மாட்டி, குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று சாஸ்திரிகள் போன பெத்லகேம் வரைக்கும் வியாபாரத்தை இழுத்திருந்தார்கள்.

நான் அப்போது எஸ்.டி.டி. டெலிபோன் பூத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பத்தொன்பது வயசு. கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாலும் உள்ளே பேசுவது எல்லாம் வெளியே கேட்கும். கண்ணெதிரே நின்றுகொண்டு பஸ் ஏறிவிட்டேன் என்பார்கள். சொகமா இருக்கேன் என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து கண்ணைத் துடைப்பார்கள். ஊரில் பாதிப் பேருடைய பொய் எனக்கு அத்துபடி. அதனால் எந்தக் குடியும் முழுகிப் போனதாக நான் பார்க்கவில்லை. பொய்யை ஒரு பெரிய விஷயமாகவே நினைக்காத காலம் அது.

கிருபாக்கா என் கூடப்பிறந்தவள், எனக்கு எட்டு வயசு மூத்தவள். ஆரம்பப் பள்ளியில் டீச்சர். சர்ச்சில் பாடுவாள். கழுத்தோரத்திலும் இடது மணிக்கட்டிலும் அவளுக்கு வெண்புள்ளி இருந்தது. வலிக்காது, ஒட்டாது, ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் கல்யாணச் சந்தையில் அதற்கு வைத்திருந்த பேரை நான் இங்கே எழுத மாட்டேன். மூன்று இடம் வந்தது, மூன்றும் தட்டிப்போனது. மூன்றாவது வீட்டுக்காரர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அன்றைக்கு அக்கா ஒன்று சொல்லிவிட்டாள். இனிமேல் யார் வந்தாலும் முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், தெரிந்துகொண்டு வருகிறவர்கள் முன்னால் மட்டும்தான் நிற்பேன் என்று.

நாலாவதாக ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை பெயர் ஜெயசிங், பள்ளிக்கூட கிளார்க். வீட்டுக்கு வந்து பார்த்து, அப்புறம் வேண்டாம் என்றால் பெண்ணுக்குத் தலைகுனிவு. அதனால் பொது இடத்தில் தற்செயலாகப் பார்த்ததுபோல் பார்த்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா இந்த மிருகக்காட்சியைத் தேர்ந்தெடுத்தாள். முந்தின நாள் சாயங்காலமே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மிருகம் பார்க்க இல்லை. எந்தக் கூண்டுக்கு மேலே என்ன விளக்கு என்று பார்க்க. ஒவ்வோர் இடத்திலும் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, வெண்புள்ளி மாதிரிப் பவுடரைத் தீற்றிப் பார்த்தாள். பச்சை பல்பில் தெரிந்தது. மஞ்சளில் கொஞ்சம் தெரிந்தது. ஒட்டகக் கொட்டகையில் சிவப்பு.

"ரெட்டு பல்புக்கு அடியில ஒண்ணுமே தெரியலட்டி. அங்கன நிப்பாட்டிரலாம். பேசிப் பிடிச்சுப் போச்சுன்னா நாமளே பையச் சொல்லிக்கிடலாம்" என்றாள்.

ஒட்டகத்துக்கு அடுத்தது கரடிக் கூண்டு. அதற்கு மட்டும் வெள்ளை டியூப் லைட். யாரையும் அந்தப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கலெக்டர் உத்தியோகம் கிடைத்த மாதிரிதான் நானும் தலையை ஆட்டினேன்.

மறுநாள் அக்கா தலைவாரிக்கொண்டே கேட்டாள்.

"அவங்களுக்குத் தெரியுமாட்டி?"

"தெரியும்க்கா. அம்மா முன்னமே சொல்லியாச்சு. அதெல்லாம் ஒரு விஷயமே இல்லன்னுட்டாங்களாம்."

அம்மா அவர்களிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை, என்னை இப்படிச் சொல்லச் சொல்லவும் இல்லை. அத்தனையும் என் கைச்சரக்கு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்களே, நான் சொன்னது ஒன்றுதானே என்று பின்னாளில் சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை. அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். எப்போதும் போடுகிற முழுக்கை ரவிக்கையைக் கொடியில் போட்டுவிட்டு, குட்டைக் கை ரவிக்கை போட்டுக்கொண்டாள். அவளை அப்படிப் பார்த்து நாலைந்து வருஷம் இருக்கும். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடுகிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

ஜெயசிங்கும் அவருடைய அம்மாவும் அக்காளும் வந்தார்கள். வாங்க, நீங்க எங்க இங்கன என்று எங்கள் அம்மா ஆச்சரியப்பட்டாள். எல்லாரும் சேர்ந்து ஒட்டகத்தடியில் நின்றோம். மனுஷன் நல்லவர். முதல் ஐந்து நிமிஷம் ஒட்டகத்திடமே பேசுகிறவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், மூன்று சாஸ்திரிகளுக்கு ஓர் ஒட்டகம்தானா என்றார். மற்ற ரெண்டு பேரும் பஸ்ஸில் வந்திருப்பார்கள் என்றாள் அக்கா. அவர் சிரித்த சிரிப்பில் ஒட்டகம் திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு நிற்கவில்லை. அக்கா கையை ஆட்டி ஆட்டி அவள் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். அவருடைய அக்காள் கரடி பார்க்க வேண்டும் என்றபோது, அது தூங்குகிறதாம் என்று அம்மா கூசாமல் சொன்னாள். கரடி பாட்டுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. முடிந்துவிட்டது, அக்காவுக்குக் கல்யாணம் என்றே நினைத்தேன்.

நான் இரண்டு எட்டு தள்ளித்தான் நின்றேன். அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்குக் கேட்டது.

"எல்லாம் தெரிஞ்சும் வந்தீங்க பாருங்க, அதுவே எனக்குப் போதும்."

"என்ன தெரிஞ்சு?" என்றார் அவர். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் எழுதியிருப்பேன். பிறகு அவள் நேராக நடந்து, கரடிக் கூண்டுக்கு முன்னால் டியூப் லைட்டுக்கு அடியில் போய் நின்று கையை நீட்டினாள். அவர் பின்னாலேயே போனார். கையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், சட்டென்று கரடியைப் பார்த்துக்கொண்டார்.

"எங்க அம்மாகிட்ட முன்னமே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்கள் வைக்கோலை மிதித்துக்கொண்டு போனார்கள்.

வழியெல்லாம் அம்மா அழுதுகொண்டு வந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் என்ன என்று அக்காவைத்தான் திட்டினாள். வீட்டுக்கு வந்து வளையலைக் கழற்றும்போது அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அம்மா சொல்லிருந்தா நம்பிருக்க மாட்டேன்ட்டி. நீ சொன்னதாலதான் நம்புனேன்."

அதற்குப் பிறகு அவள் எந்த இடத்துக்கும் நிற்கவில்லை. முதலிலேயே தெரிந்து வந்திருந்தால் ஜெயசிங்குக்குப் பிடித்திருக்குமோ என்னவோ, யார் கண்டது. அதைக் கேட்டுப் பார்க்கிற வழியையே நான் அடைத்துவிட்டேன். எனக்குக் கல்யாணம் நடந்தபோது மாலை கட்டியது முதல் பந்தி பரிமாறியது வரை அவள்தான் செய்தாள். என் மகளைத் தூக்கி வளர்த்தாள். என்மேல் வெறுப்பு என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். ஆனால் என்னிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள். முன்பெல்லாம் சேலை நிறம் பொருத்தமா, உப்பு சரியா, பஸ் போய்விட்டதா எல்லாவற்றுக்கும் நான்தான். அப்புறம் சேலையைக் கடைக்காரரிடம் கேட்டாள். அம்பாசமுத்திரம் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் சொன்ன பிறகும் ஜங்ஷனில் கண்டக்டரிடம் இன்னொரு தடவை கேட்டாள். ஒரு நாள் துணிந்து மன்னிப்புக் கேட்டேன். "அத ஏன் இப்பம் கிளறுத?" என்று சொல்லி அரிசியைக் களையப் போய்விட்டாள்.

அந்த மைதானத்தில் இப்போது கடைகள் எழும்பிவிட்டன. கரடியை ஊர் ஊராகக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது, நல்லதுதான். பெயிண்டில் முக்கின பல்பு எந்தக் கடையிலும் கிடையாது. பூத்தும் போய், அந்த இடத்தில் வந்த ரீசார்ஜ் கடையும் போய், கதவு சாத்திக் கிடக்கிறது. அம்மா அந்த வருத்தத்தோடேயே போய்ச் சேர்ந்தாள்.

அக்கா போய் மூன்று வருஷம் ஆகிறது. கடைசியில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். நான் வராந்தாவில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டேன். இந்தத் தடவை ஒன்றையும் மறைப்பதில்லை, கேட்டவுடன் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் கை என் கையில்தான் இருந்தது. மாத்திரை கொடுக்க ஒரு நர்ஸ் பிள்ளை வந்தாள், அன்றைக்குத்தான் அந்த வார்டுக்கு வந்தவள். அக்கா என்னைத் தாண்டி அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ சொல்லும்மா, டாக்டர் என்ன சொல்லுதாரு?"