ஆறு மணி நேரம் நகராத படகு

என் கணவருக்கு வங்காளத்தில் ரயில்வே வேலை, கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ். வருடம் முழுக்க வண்டிகள் நேரத்துக்குப் போகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு, லீவு என்று வந்துவிட்டால் எதுவும் எங்கேயும் போகக் கூடாது. மற்ற தமிழ்க் குடும்பங்கள் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு குற்றாலத்துக்கும் பழநிக்கும் கிளம்பும். நாங்கள் டிசம்பர் கடைசியில் டாக்குரியா ஸ்டேஷனில் கேனிங் லோக்கலில் முண்டியடித்து ஏறுவோம். கேனிங்கில் இறங்கி, பட்பட்டி என்று வங்காளிகள் சொல்லும் டீசல் படகு ஒன்றில் அரிசி, பருப்பு, கெரசின் அடுப்பு, குடிதண்ணீர் டிரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மூன்று நாள் ஆற்றில் கிடப்போம். கல்யாணமான முதல் வருடம் இதைத் தேனிலவு என்று சொல்லி அழைத்துப் போனார். கொசு கடித்து முகம் வீங்கித் திரும்பினேன். எட்டு வருடம் அப்படிப் போனோம்.

புலி தெரிகிறதா என்று கரையை எட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்கு எரிச்சல். அவருக்கு வேண்டியது படகைக் கட்டிவிட்டு உட்காருகிற நேரம்தான். பெரிய ஆற்றிலிருந்து பிரிகிற சின்ன ஓடை ஒன்றில் நுழைந்து, இன்ஜினை நிறுத்தி, முன்கயிற்றைக் கரை மரத்திலும் பின்னால் நங்கூரத்தையும் போட்டுவிட்டால், அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்க மாட்டார். கடலை ஒட்டிய ஆறு, அங்கே ஆறு மணி நேரம் நீர் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும். கயிற்றைத் தாராளமாக விட்டுக் கட்டாவிட்டால் நீர் இறங்கும்போது படகு மூக்கால் தொங்கும். இதைப் படகுக்காரரிடமிருந்து அவர் கற்றுக்கொண்டார். கடைசி வருடங்களில் கயிற்றை அவரே கட்டினார். வீட்டில் ஒரு கொடிக்கயிறு கட்டித் தந்ததில்லை என்று நான் குத்திக்காட்டுவேன், அவர் சிரிப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் அவருக்குக் கால் வீங்கியது. செருப்பு போதவில்லை என்று புதுச் செருப்பு வாங்கினார். அதுவும் போதாமல் ஆன பிறகுதான் டாக்டரிடம் போனோம். இரண்டு கிட்னியும் அநேகமாகப் போய்விட்டது என்றார்கள். அவருக்கு அப்போது வயது நாற்பத்தொன்று.

டாக்டர் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், அதில் காபியும் மோரும் ரசமும் அடக்கம். வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது. எழுதிக்கொண்டே வந்த டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். மதராசிகளை எனக்குத் தெரியும், இளநீர் கிட்னிக்கு நல்லது என்று யாராவது வந்து கொடுப்பார்கள், அதைத் தொடவே கூடாது, அதில் இருக்கிற உப்பு இதயத்தை நிறுத்திவிடும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். புரிந்ததா என்று கேட்டார். இரண்டு பேரும் புரிந்தது என்றோம். எனக்கு நன்றாகவே புரிந்தது.

அன்றிலிருந்து நான் ஜெயில் வார்டர் ஆனேன். ஐந்து சின்ன எவர்சில்வர் டம்ளர், காலையில் நிரப்பி மூடி வைப்பேன். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். வாய் கொப்பளித்துத் துப்பலாம், விழுங்கக் கூடாது. அவர் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்பேன். ஒருநாள் செம்பிலிருந்து வாய்க்குள் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டுக் கதவைத் தட்டினேன். தலை சொட்டச் சொட்ட வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் போனார். ஒரு ஆண்பிள்ளையை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மறுநாளும் கதவுக்கு வெளியேதான் நின்றேன்.

அவருக்கு ஒரே அக்கா. எனக்கு மதினி. லேக் கார்டன்ஸில் இருந்தார், கணவர் பாங்க் ஆபீசர். அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்கவைத்தது அவர்தான். கிட்னி வேண்டும் என்றதும் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ரத்தம் ஒத்துப்போனது. ஜனவரி கடைசியில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அதுவரை அளவு தப்பாமல் அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. ஆறு வாரம் தாண்டினால் அவர் பிழைத்தார், அவ்வளவுதான் கணக்கு.

அந்த டிசம்பரிலும் அவர் படகு கேட்டார். அப்புறம் வருடக்கணக்கில் எங்கும் விட மாட்டீர்கள், இப்போது ஒரு நடை என்றார். டாக்டர் அரை மனதோடு இரண்டு நாள் கொடுத்தார். மதினியும் உடன் வந்தார். முதல் தடவையாக அவர் படகில் ஏறினார். படகுக்காரரும் அவர் தம்பியும் நாங்கள் மூன்று பேரும்தான்.

இரண்டாம் நாள் காலையில் காய்கறி வாங்க ஒரு கிராமத்துத் துறையில் நிறுத்தினார்கள். மதினி இறங்கிப் போய், ஒரு ஆளைப் பிடித்து, ஒரு குலை இளநீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே அதற்கு டாப் என்று பேர். ஒவ்வொன்றும் குழந்தைத் தலை கனம் இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. மற்றவர்களுக்காக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதியம் என் கணவர் ஒரு ஓடையைக் காட்டி உள்ளே விடச் சொன்னார். படகுக்காரர் தயங்கினார். இது நீர் முழுக்க வடிந்துபோகிற ஓடை, இப்போது கட்டினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், ராத்திரி ஏழு மணிவரை அசைக்க முடியாது, இவர் உடம்பு சரியில்லாதவர் என்று என்னிடம் வங்காளியில் சொன்னார். இவர் அதைக் கேட்டுவிட்டு, அதற்குத்தான் இந்த ஓடை என்றார். கயிற்றைத் தானே கட்டினார். முடிச்சு சரியாக விழுந்தது.

இரண்டு மணிக்கெல்லாம் படகு தரை தட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இரண்டு கரையிலும் சாம்பல் நிறச் சேறு, அதில் சின்ன நண்டுகள். இன்ஜின் சத்தம் இல்லை, அலைச் சத்தமும் இல்லை. அவர் சாய்ந்த பக்கமாகத் தலையணையை வைத்துப் படுத்திருந்தார். அன்றைய ஐந்து டம்ளரும் அப்போதே தீர்ந்திருந்தது. பொருக்குத் தட்டிய உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தார்.

மதினி எழுந்து போய் ஒரு இளநீரையும் அரிவாளையும் எடுத்து வந்தார்.

"மதினி, அவருக்கு அளவு முடிஞ்சிட்டு" என்றேன்.

"தண்ணிக்குத்தானட்டி அளவு? இது தண்ணியா? இது மருந்துல்லா. ஊருல கிட்னியில கல்லுன்னா மொத இததான் குடுப்பாக."

"டாக்டர் வேண்டாம்னு..."

"டாக்டருக்கு என்ன தெரியும்? மீனும் சோறுமா திங்கிற ஆளு. நான் என் கிட்னியவே குடுக்கப்போறேன். ஒரு இளநி குடுக்கக் கூடாதா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. இது இதயத்தை நிறுத்திவிடுமாம், டாக்டர் சொன்னார் என்று ஒரு வரி. அதைச் சொல்லியிருந்தால் மதினி அரிவாளை அந்த இடத்திலேயே போட்டிருப்பார். தம்பி மேல் உயிரை வைத்திருந்தவர்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியும், அதே அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர்தான். கெஞ்சவில்லை. இன்று ஒருநாள் என்னை விட்டுவிடேன் என்கிற மாதிரி பார்த்தார்.

"அரிசி களையணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போனேன். அடுப்பில் சோறு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

இரக்கத்தால் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இரக்கம் இருந்திருக்கலாம். ஆனால் உள்ளபடி சொன்னால் எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஏழு மாதமாக நான்தான் கொடுமைக்காரி. மதினி வந்தால் அவர் முகம் மலரும், நான் டம்ளரோடு வந்தால் சுருங்கும். மதினி தன் உடம்புக்குள்ளிருந்து கிட்னியை எடுத்துக் கொடுக்கப் போகிறார், நான் தண்ணீரைப் பிடுங்குகிறவள். சரி, குடித்துவிட்டுப் போகட்டும், ஒரு தடவையில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். கோபமும் இருந்தது. ஒன்று முடிந்து ஒன்றாக மூன்று இளநீர் வெட்டும் சத்தம் கேட்டது. முதல் சத்தத்திலேயே போயிருக்கலாம், இரண்டாவதிலும் போயிருக்கலாம். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது அவர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். சட்டை முன்புறம் நனைந்திருந்தது. அடுத்த வருடம் இதே ஓடைக்கு வரவேண்டும், அப்போது அக்காவும் நானும் ஆளுக்கு ஒரு கிட்னியோடு வருவோம் என்றார். ஏழு மாதத்தில் அவர் அடுத்த வருடம் என்று பேசியது அன்றுதான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாலு மணி வாக்கில் கால் பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்றார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மதினி குளிரில் மரத்துவிட்டது என்று சொல்லிக் காலைத் தேய்த்தார். நான் படகுக்காரரிடம் ஓடி, உடனே கிளப்பு என்றேன். அவர் வெளியே கையைக் காட்டினார். ஓடையில் ஒரு செம்பு முகர்வதற்குக்கூடத் தண்ணீர் இல்லை. படகு ஒரு வீட்டைப் போல நிலத்தில் நின்றது.

படகுக்காரரின் தம்பி இடுப்பளவு சேற்றில் இறங்கி, ஓடை பெரிய ஆற்றில் சேரும் இடம்வரை நீந்துகிற மாதிரி கையைத் துழாவிப் போய், துண்டை வீசிக்கொண்டு நின்றான். தூரத்தில் ஒரு படகு போயிற்று, நிற்கவில்லை. இருட்டிய பிறகு திரும்பி வந்தான், உடம்பெல்லாம் சேறு, காலில் ரத்தம்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாடி ஒன்று அடிக்கும், அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இருக்காது.

"தண்ணி ஏறுதா?" என்று கேட்டார்.

"ஏறுது" என்றேன். அப்போதுதான் ஓடையின் நடுவில் ஒரு கை அகலத்துக்கு ஏதோ பளபளத்தது.

ஆறு மணி சுமாருக்கு அவர் போய்விட்டார். மதினி அவர் காலைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை, நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் சாய்ந்த பலகையில் அவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏழு மணிக்கு நீர் அடியில் புகுந்து படகை நிமிர்த்தியது. படகுக்காரர் போய் அவர் கட்டிய முடிச்சை அவிழ்த்தார்.

ஊருக்கு வந்து காரியங்கள் முடிந்த பிறகு, ஆபரேஷன் இல்லை என்று சொல்ல டாக்டரிடம் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, அளவுக்கு மேல் ஏதாவது சாப்பிட்டாரா என்றார். இல்லை, நீங்கள் சொன்னபடிதான் என்றேன். அவர் பைலை மூடினார். அவர் என்னை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஒரு வாடகை வீட்டுக்கு வந்தேன். கணவர் ஆபீசிலேயே எனக்கு ஒரு குமாஸ்தா வேலை கொடுத்தார்கள். கல்யாணம், வளைகாப்பு என்று தமிழ்க் கூட்டம் எங்கே கூடினாலும் மதினி பக்கத்தில் இருக்கிறவர்களிடம் சொல்லுவார். "என் தம்பி கடைசியா வயிறு குளுந்துதான் போனான். அதும் நான் குடுத்ததுதான். இவ பாவம், தண்ணிய அளந்து அளந்துல்லா குடுத்துட்டு இருந்தா." பத்து வருடம் இதைக் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உங்கள் இளநீர்தான் கொன்றது என்று நான் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்கிற கேள்வி அடுத்து வரும்.

அந்தக் கேள்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. மதினி போன் செய்தார். லேக் மார்க்கெட்டில் வாங்கிய தமிழ்ப் பத்திரிகையில் டாக்டர் கேள்வி பதில் படித்திருக்கிறார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஏட்டி, கிட்னி போனவங்களுக்கு இளநி விஷம்னு போட்டிருக்கான். நெஞ்ச நிப்பாட்டிருமாம். மூணு குடுத்தேனே... நாந்தான் கொன்னுட்டனா?"

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"அன்னிக்கு டாக்டர் வேண்டாம்னாருன்னு என்னமோ சொல்ல வந்தியே. உனக்குத் தெரியுமா?"

பேச வேண்டிய ஒரு வரி மறுபடியும் என் வாய்க்கு வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் அவர் பாரத்தில் பாதியை நான் வாங்கிக்கொண்டிருப்பேன். நியாயமாகப் பாதிக்கு மேல்.

"தெரியாது மதினி" என்றேன். "தண்ணி அளவுதான் சொன்னாரு. இளநி பத்தி ஒண்ணும் சொல்லல."

அந்தப் பக்கம் மதினி அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, என்னைத் தேற்றுகிற குரலில் பேசினார்.

"அதான பாத்தேன். உனக்குத் தெரிஞ்சிருந்தா நீ விட்டிருப்பியா? எங்கிட்ட இருந்து அருவாளப் பிடுங்கி ஆத்துல எறிஞ்சிருப்பல்லா."

"ஆமா மதினி" என்றேன்.