ஏகாம்பரத்தின் பேக்கப் நோட்டு

போன செவ்வாய்க்கிழமை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை. சாமி பட அலமாரியிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்கை எடுத்து என் கையில் கொடுத்தார் ஏகாம்பரம். அதன் மேல் சந்தனம், குங்குமம். "ஆயுத பூஜைக்கு வெச்சது மேடம். துடைக்க மனசு வர்ல" என்றார்.

நான் போனது ஆடிட் செய்ய. கணக்கு ஆடிட் இல்லை, ஐ.டி. ஆடிட். கம்ப்யூட்டரை யார் யார் திறக்கிறார்கள், பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, ஒருநாள் எல்லாம் படுத்துவிட்டால் வேலையைத் திரும்ப எப்படித் தொடங்குவார்கள்... இதையெல்லாம் பார்ப்பது.

இருபது வருடமாகத் தரக்கட்டுப்பாட்டில் அளவு பார்க்கும் கேஜும் கையுமாக இருப்பவளுக்கு இது எதற்கு என்கிறீர்களா? எங்கள் ஆபீஸில் இனி இதையும் நாங்களே பார்க்க வேண்டுமாம். எனவே சனிக்கிழமைகளில் மேனாம்பேட்டிலிருந்து பஸ் மாறி, பூந்தமல்லியில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

பயிற்சியாளர் வசந்தி, என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் மூன்று வாரம் ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டினார். நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன். டெஸ்டில் முதல் மார்க்கும் வாங்கினேன். கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது வாரம், "படிச்சது போதும். போய் செஞ்சுட்டு வாங்க" என்று ஆளுக்கொரு கம்பெனியை ஒதுக்கிவிட்டார்.

எனக்கு வாய்த்தது, லாரிக்கு உதிரி பாகங்கள் செய்யும் சின்னத் தொழிற்சாலை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ட்ராயிங். எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். அது போனால் மெஷின்கள் சும்மா நிற்க வேண்டியதுதான்.

முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். "அடுத்த மாசம் கஸ்டமர் ஆளுங்க வந்து கம்ப்யூட்டரெல்லாம் பாக்கப் போறாங்க மேடம். அதுக்கு முன்னாடி நீங்க பாத்து சொல்லுங்க. எவன் கோட்டை வுட்டிருந்தாலும் அன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பிட்றேன்."

'எவன்' என்ன 'எவன்'? அங்கே கம்ப்யூட்டருக்கு இருப்பது ஒரே ஆள். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த ஏகாம்பரம்.

ஏகாம்பரம் ஐம்பதைத் தாண்டியவர். லேத் மெஷினில் இருந்தவர். ஒருநாள் ஆபீஸ் பிரிண்டரைக் கழற்றிச் சரிசெய்துவிட்டார். அன்றிலிருந்து எல்லாக் கம்ப்யூட்டரும் அவர் தலையில்!

அந்த முதல் நாளில் நான் கேள்விப் பட்டியலை விரித்தேன். பாஸ்வேர்டு மாற்றுகிறீர்களா? மாற்றுகிறோம். டிக். பேக்கப் எடுக்கிறீர்களா? "டெய்லி சாய்ங்காலம் ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்துட்றேன் மேடம். தோ, நோட்டுகூட கீது பாருங்கோ." நாள்வாரியாகத் தேதி, நேரம், கையெழுத்து — ஒரு நாள் விடுபடவில்லை. மாதக் கடைசியில் முதலாளியின் கையெழுத்தும். அசந்துபோய் டிக் அடித்துவிட்டு வந்தேன்.

வசந்தி என் பட்டியலைப் புரட்டினார். "பேக்கப்புக்கு என்ன பார்த்தீங்க?"

"நோட்டு பார்த்தேன் மேடம். ரொம்ப நீட்டா இருந்துச்சு."

"அப்போ நோட்டைத்தான் ஆடிட் பண்ணியிருக்கீங்க. திரும்பப் போங்க. வேற ஒரு கம்ப்யூட்டர்ல அந்த டிஸ்கைப் போட்டு, ஒரே ஒரு ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்க."

வகுப்பே என்னைப் பார்த்தது. முதல் மார்க்காம், முதல் மார்க்! எனக்கு மானம் போயிற்று.

அப்படித்தான் போன செவ்வாய்க்கிழமை அந்த டிஸ்கை என் லேப்டாப்பில் மாட்டினோம். தேதி வாரியாக வரிசையாக ஃபோல்டர்கள். ஏகாம்பரம் ஒன்றைத் திறந்தார். உள்ளே 'ட்ராயிங்' என்று ஓர் ஐகான். க்ளிக் செய்தார். வரவில்லை. முந்தின நாள் ஃபோல்டர்... அதுவும் வரவில்லை. போன மாதம், போன வருடம்... எதுவுமே வரவில்லை.

ஐகானின் மூலையில் பொடியாக ஓர் அம்புக்குறி. அவர் தினமும் காப்பி எடுத்தது ட்ராயிங் ஃபோல்டரை இல்லை. டெஸ்க்டாப்பில் இருந்த அதன் ஷார்ட்கட்டை. ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று வழி காட்டும் வெறும் பலகை அது!

"என் கம்ப்யூட்டர்ல தொறக்குதே மேடம்! வாரா வாரம் தொறந்து பாத்துகினுதானே கீறேன்!"

திறக்கத்தான் செய்யும். அசல் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதே. பாவம் மனுஷன், சோதித்தும் பார்த்திருக்கிறார்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "மேடம்... இத்தை மட்டும் எழுதாதீங்கோ. இப்பவே ஒழுங்கா எடுத்துட்றேன். பொண்ணு நர்சிங் கடைசி வருஷம் படிக்குது. இந்த வயசுல என்னை எவன் வேலைக்கு வெச்சுக்குவான்?"

என்ன சொல்வீர்கள் இதற்கு? வெளியே வந்து வசந்திக்குப் போன் போட்டேன். எழுதாமல் விட்டால் என்ன என்று அவரிடம் கேட்டேவிட்டேன்.

"நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டர் படுத்தா அவங்க எல்லாருக்கும் வேலை போகும். எழுதித்தான் ஆகணும்" என்றார் அவர். "ஆனா அவர் பேரை எழுதச் சொல்லி யார் சொன்னா? என்ன நடந்துச்சு, ஏன் நடந்துச்சு... இது ரெண்டையும் எழுதுங்க."

'ஏன்' என்ற பாடம் நடந்த சனிக்கிழமை நான் தூங்கிவழிந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் ஏகாம்பரத்திடம் கேட்டேன். பேக்கப் எடுக்க யார் சொல்லிக்கொடுத்தது? "கம்ப்யூட்டர் வித்தவரு அஞ்சு நிமிசம் காட்டினாரு. அதோட சரி." வேறு யாராவது இந்த டிஸ்கைத் திறந்து பார்த்ததுண்டா? "நோட்டு மட்டும்தான் பாப்பாங்க."

முதலில் உண்மையான ஃபோல்டரையே டிஸ்கில் ஏற்றி, என் லேப்டாப்பில் திறந்து பார்த்தோம். திறந்தது. பிறகு அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட்டை முடித்து, பிரிண்ட் எடுத்து முதலாளியிடம் நீட்டினேன்.

படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்தது. "ஏகாம்பரம்!" என்று ஒரு சத்தம். ஏகாம்பரம் வாசலில் வந்து நின்றார். நான் மெல்ல, "இன்னும் ரெண்டு வரி இருக்கு சார்" என்றேன்.

அந்த இரண்டு வரிகள் இவை: 'பேக்கப் பதிவேட்டில் உரிமையாளர் மாதந்தோறும் கையெழுத்திட்டுள்ளார், பேக்கப்பைத் திறந்து பார்க்கவில்லை. ஆடிட்டரும் முதல் வருகையில் பதிவேட்டை மட்டும் பார்த்து, சரி என்று குறித்துவிட்டார்.'

இரண்டாவது வரியை எழுத எனக்குக் கை வரவேயில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு முதல் வரியை எழுத எனக்கு என்ன யோக்கியதை?

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களுமா மேடம்?"

"நானும்தான் சார்."

முதலாளி ரிப்போர்ட்டை மடித்து மேசையில் வைத்தார். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்து, "சனிக்கிழமை இவங்க படிக்கிற கிளாஸ்ல நீயும் போய் சேரு. இன்னாத்துக்கு அங்க நிக்கற? போய் வேலையைப் பாரு" என்றார்.

எனக்குத்தான் மூச்சு வந்தது. கிளம்பும்போது ரிப்போர்ட்டின் காப்பி இருந்த பென் டிரைவை ஏகாம்பரத்திடம் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கியவர் என்னைத் தடுத்தார்.

"இருங்க மேடம், போயிடாதீங்கோ. உள்ள இன்னொரு கம்ப்யூட்டர்ல போட்டு, தொறக்குதான்னு பாத்துட்டு வந்துட்றேன்."